படகு எஞ்சினின் அலாரம்: வயரை வெட்டுமுன் செய்யவேண்டியவை

பசறையிலிருந்து வரும் ஒரு சஞ்சிகையில் படகு எஞ்சினைப் பற்றி எதற்கு எழுதவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். எமது மலைகளில் படகு ஓடுவதில்லை. ஆனால் எமது மக்கள் மலைகளில் மட்டும் இல்லை. 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் தோட்டங்களை விட்டு வவுனியா, கிளிநொச்சி, மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. மண்சரிவுக்குப் பயந்து லயத்தை விட்டவர்களில் சிலரும் உறவினரைத் தேடி அதே பக்கம் இறங்கியிருக்கிறார்கள். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ-5 வீதியில் ஒரு பகல் பயணத்தில் தேயிலை முடிந்து, மட்டக்களப்பு வாவியும் வந்துவிடும்.

அங்கே போனவர்களும் விவசாயிகளே. ஆனால் மட்டக்களப்பில் வயல்கள் பெரும்பாலும் படுவான்கரையில், சந்தையும் ஆஸ்பத்திரியும் எழுவான்கரையில், நடுவில் தண்ணீர். நாலைந்து குடும்பங்கள் பங்கு போட்டு ஒரு பழைய பைபர் கிளாஸ் படகையும், அதன் பின்பக்கத்தில் மாட்டும் வெளியிணைப்பு எஞ்சின் ஒன்றையும் வாங்குகின்றன. பகலில் மரக்கறியும் உரமும் ஏறும். இரவில் வலை ஏறும். மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் பிடித்த கைக்கு இந்த எஞ்சின் புதிது. அது ஒரு நாள் நடு வாவியில் "பீ..." என்று விடாமல் கத்தத் தொடங்கினால் என்ன செய்வது? இதைத்தான் இம்முறை பார்க்கப்போகிறோம்.

வாழைச்சேனைப் பக்கத்தில் எஞ்சின் திருத்தும் ஒரு வயோதிபரிடம், லுணுகலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து போய்க் குடியேறிய ஒருவர் இதைக் கேட்டபோது நாமும் அங்கே இருந்தோம். "இந்தச் சத்தம் போடுற வயர வெட்டிட்டா என்னங்க?" என்றார் அவர். பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "வெட்டலாம் மனே. வெட்டினா சத்தம் நிக்கும். கொஞ்ச நேரத்தில எஞ்சினும் நிக்கும்" என்றார். அவருடைய பட்டறையில் அன்று திறந்து கிடந்த எஞ்சின்கள் இரண்டிலும் அலாரம் வயர் வெட்டப்பட்டிருந்தது.

வயரை வெட்டுகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நாம் தயாரில்லை. அவர்கள் ஏன் வெட்டுகிறார்கள்? அலாரம் அடித்தால் எஞ்சினை நிறுத்தவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிறுத்தினால் படகு எங்கே போகும் என்பதுதான் கேள்வி. துடுப்பு இல்லை, நங்கூரம் இல்லை, சவள் போட ஒரு கம்பும் இல்லை. காற்று இழுத்த பக்கம் போகவேண்டியதுதான். நிறுத்த முடியாதவனுக்கு எச்சரிக்கை வெறும் இரைச்சல்.

எமது மலைகளில் இது புதிய கதை அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை வந்திருந்தது, எழுந்து போய் இருக்க ஓர் இடம் கொடுக்கப்படவில்லை. இன்று மண்சரிவுக்கு மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியில் எச்சரிக்கிறார்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 ஐத் தாண்டினால் ஆயத்தம், 150 ஐத் தாண்டினால் வெளியேற்றம். எஞ்சினுக்கு இப்படி மூன்று நிறம் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒரே சத்தம்தான். ஆகவே முதல் சத்தத்தையே சிவப்பு என்று எடுத்துக்கொள்ளவேண்டும்.

லொறியின் ரேடியேட்டர் கொதித்தால் சாரதி வீதியோரம் ஒதுக்குகிறார். வாவியில் வீதியோரம் கிடையாது, நங்கூரம்தான் வீதியோரம். எனவே அலாரத்துக்கான முதல் பரிகாரம் எஞ்சினில் இல்லை, படகுக்குள் இருக்கிறது. இரண்டு துடுப்பு, ஆழத்துக்குப் போதிய கயிற்றுடன் ஒரு நங்கூரம் (சாக்கில் கட்டிய கல்லும் போதும்), ஒரு டோர்ச். இவை இல்லாமல் படகை இறக்கவே வேண்டாம்.

முதல் ஒரு நிமிடம்

சத்தம் வந்ததும் வேகத்தை முழுதாகக் குறைத்து, கியரை நடுநிலைக்குக் கொண்டுவாருங்கள். உடனே திரும்பிப் பின்னால் பாருங்கள். எஞ்சினின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு துவாரத்திலிருந்து தண்ணீர் நூல்போலத் துப்பிக்கொண்டிருக்க வேண்டும். அது துப்புகிறதா, இல்லையா? இதைப் பார்க்க மூன்று நொடி போதும். பார்த்தபின் எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போடுங்கள். அந்த மூன்று நொடிப் பார்வை பிறகு மெக்கானிக்கின் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

சில எஞ்சின்கள் அலாரம் அடிக்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யமஹாவின் பல மாதிரிகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றுக்கு இறங்கிவிடும். "எஞ்சின் இழுக்கவில்லை" என்று நினைத்து மேலும் முறுக்குவது பலரின் வழக்கம். அது இழுக்காததற்குக் காரணம் பழுதல்ல. தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்கிறது.

இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. முகத்துவாரத்தில், அலை உடையும் இடத்தில் சத்தம் வந்தால் அங்கே நிறுத்தக்கூடாது. பக்கவாட்டாகத் திரும்பிய படகு ஒரே அலையில் கவிழும். மெதுவாக ஓட்டி அமைதியான தண்ணீருக்கு வந்தபின் நிறுத்துங்கள். அதற்குள் எஞ்சின் எரிந்தால் எரியட்டும். ஆட்கள் கரை சேர்ந்தால் எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர் துப்பவில்லை என்றால்

அலாரங்களில் அதிகம் வருவது சூடேறும் அலாரம். அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. நீருக்குள் இருக்கும் காலின் பக்கத்தில் சல்லடைபோன்ற துளைகள் உண்டு. அதன்வழி வாவித் தண்ணீரை உறிஞ்சி, ஒரு சிறு பம்ப் மேலே அனுப்புகிறது. அது எஞ்சினைச் சுற்றிக் குளிரவைத்து வெளியே போகிறது. பக்கத்தில் துப்புவது அதில் ஒரு சிறு பங்கே. அது எஞ்சின் நமக்குக் காட்டும் அடையாளம்.

துப்பாவிட்டால், எஞ்சினை நிறுத்தியபின் காலைத் தூக்கிச் சல்லடையைப் பாருங்கள். பத்தில் பல தடவை விடயம் இங்கேயே முடிந்துவிடும். ஷொப்பிங் பை ஒன்று ஒட்டியிருக்கும். அல்லது ஆற்றுவாழையின் வேர் சுற்றியிருக்கும். எடுத்தெறிந்துவிட்டு (பையைத் தண்ணீரில் எறியாமல் படகுக்குள் போடுங்கள், அடுத்த படகுக்கும் அது வேண்டாம்) எஞ்சின் ஆறும்வரை காத்திருங்கள். சூடான எஞ்சினின் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றுவது பெருந்தவறு. கொதிக்கும் சட்டியைப் பச்சைத் தண்ணீரில் வைத்தால் என்ன ஆகும் என்பது எமது தாய்மாருக்குத் தெரியும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் துப்பாவிட்டால், துப்பும் துவாரமே அடைபட்டிருக்கலாம். மாரியில் சில மாதம் கொட்டிலில் கிடந்த எஞ்சினில் குளவி மண் வைத்திருக்கும். தடித்த தங்கூசி நூலை உள்ளே விட்டு மெதுவாகக் குத்திப் பாருங்கள். இரும்புக் கம்பியை ஆழமாக விடவேண்டாம்.

அதுவும் இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் றப்பர் சக்கரத்தைச் சந்தேகிக்க வேண்டும். இம்பெல்லர் என்று கடையில் கேளுங்கள். பூவிதழ்போல ஆறேழு றப்பர் இதழ்கள் அதில் இருக்கும். வாவியின் ஆழமில்லாத இடங்களில் கால் மணலைக் கிளறும். பம்ப் அந்த மணலையும் உறிஞ்சும். மணல் றப்பரை அரைக்கும். அதைவிடக் கெட்டது ஒன்றுண்டு. "ஸ்ராற் ஆகிறதா பார்ப்போம்" என்று கரையில் தண்ணீர் இல்லாமல் எஞ்சினை ஓடவிடுவது. அந்த றப்பருக்குத் தண்ணீர்தான் எண்ணெய். அரை நிமிடம் வரண்டு ஓடினாலே அது கருகத் தொடங்கும். கரையில் சோதிப்பதானால் காலைத் தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கிவிட்டுச் சோதியுங்கள்.

இம்பெல்லரை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. அது விலை கூடிய பொருளல்ல. எரிந்த சிலிண்டரோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை. மாற்றும்போது பழைய சக்கரத்தில் ஓர் இதழ் குறைந்திருந்தால், அந்தத் துண்டு எங்கே என்று தேடி எடுக்கவேண்டும். அது மேலே போகும் குழாயில் குந்திக்கொண்டிருந்தால் புதிய சக்கரம் போட்டும் சூடேறும். "புதுசு போட்டும் சரிவரவில்லை" என்ற முறைப்பாடுகள் சிலவற்றுக்குக் காரணம் இந்தத் துண்டுதான்.

படகில் பாரம் ஏற்றும் முறையாலும் அலாரம் வரும். உரமூட்டைகளை எல்லாம் முன்பக்கம் அடுக்கினால் பின்பக்கம் உயர்ந்து, சல்லடை தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். மூட்டைகளை நடுவுக்கு மாற்றினால் சரி. இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

தண்ணீர் துப்பியும் சத்தம் வந்தால்

துப்புவதைக் கண்டதும் "தண்ணீர் சரி" என்று முடிவுகட்டக் கூடாது. துப்பும் நீரில் கையை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கலாம். கையை இழுத்துக்கொள்ளும்படி சுட்டால் எஞ்சினுக்குள் ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது.

அப்போது பார்க்கவேண்டியது தெர்மோஸ்ரற். எஞ்சின் தலைப்பக்கத்தில் இருக்கும் சிறு கதவு இது. குளிரில் மூடியிருந்து, சூடேறியதும் திறந்து தண்ணீரை ஓடவிடும். உப்புப் படிந்தால் திறக்காமல் ஒட்டிக்கொள்ளும். கழற்றி எடுத்து, நூலில் கட்டி, அடுப்பில் வைத்த தண்ணீர்ச் சட்டிக்குள் தொங்கவிடுங்கள். எஞ்சினைப் பொறுத்து ஏறத்தாழ 50 முதல் 60 பாகை சென்ரிகிரேட் சூட்டில் அது வாய்திறக்க வேண்டும். தண்ணீர் கொதித்தும் திறக்காவிட்டால் புதியது வாங்குங்கள். "அது இல்லாமலும் ஓடும்" என்று கழற்றி எறிபவர்கள் உண்டு. ஓடும்தான். ஆனால் எஞ்சின் குளிர்ந்தே ஓடுவதால் எரிபொருள் முழுதாக எரியாது. மண்ணெண்ணெய் எஞ்சினில் பிளக் கரிபிடித்து நின்றுபோகும்.

மட்டக்களப்பு வாவி உவர்நீர். கடலுக்குப் போய் வந்தாலும் வாவியிலேயே ஓடினாலும், வீடு வந்ததும் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு உள்ளே கழுவுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைச் சோம்பலால் விடுபவர்களே அதிகம் பட்டறைக்கு வருகிறார்கள்.

ஒயில்

அடுத்த காரணம் ஒயில். இங்கே உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும்.

நாலடிப்பு எஞ்சினில் மோட்டார் காரைப்போல ஒயில் தனியாக அடியில் கிடக்கும். அழுத்தம் குறைந்தால் அலாரம் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி, நேராக நிமிர்த்தி, சில நிமிடம் விட்டு, ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து மீண்டும் விட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றலாம். கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மகிழவேண்டாம். பெற்றோல் ஒயிலோடு கலந்திருக்கலாம், முகர்ந்து பாருங்கள். பால்தேநீர் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இந்த இரண்டிலும் எஞ்சினை மீண்டும் ஸ்ராற் பண்ணாமல் துடுப்புப் போட்டே கரைக்கு வாருங்கள். ஒயில் சரியான அளவில் இருந்தும் சத்தம் தொடர்ந்தாலும் அப்படியே.

ஈரடிப்புப் பெரிய எஞ்சின்கள் சிலவற்றில் ஒயிலுக்குத் தனித் தாங்கி உண்டு. தாங்கி குறைந்தால் விளக்கு எரியும். அடியோடு குறைந்தால் சத்தமும் வரும். ஊற்றினால் தீரும்.

ஆனால் எமது குடும்பங்கள் வாங்குவது பெரும்பாலும் 8, 15, 25 குதிரைவலு ஈரடிப்பு எஞ்சின்கள். பெற்றோலில் ஸ்ராற் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடுபவை. இவற்றில் ஒயிலைக் கையால் எரிபொருளோடு கலக்கவேண்டும். கலக்க மறந்தால் எச்சரிக்க எந்த அலாரமும் இல்லை. எஞ்சின் அமைதியாக ஓடி, அமைதியாகவே இறுகிப்போகும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தபின், ஒயிலிலாவது மிச்சம்பிடிப்போம் என்ற எண்ணம் பலருக்கு வந்தது. அந்த மிச்சம் எஞ்சினைத் தின்றுவிடும். பெற்றோலுக்கு எவ்வளவு, மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு என்று உங்கள் எஞ்சினின் கைநூலில் உள்ள அளவைக் கானிலேயே பெயின்றால் எழுதிவையுங்கள். பங்காளிகள் பலர் என்றால், கலந்த கானுக்குச் சிவப்புத் துணி கட்டும் வழக்கம் நல்லது. "அண்ணன் கலந்திருப்பார்" என்று தம்பியும், "தம்பி கலந்திருப்பான்" என்று அண்ணனும் நினைத்த படகுகள் உண்டு.

இந்தச் சிறிய எஞ்சின்கள் பலவற்றில் சூட்டு அலாரமும் கிடையாது. அவற்றுக்குத் துப்பும் தண்ணீர்தான் அலாரம். சுக்கான் பிடிப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவேண்டும். கங்காணி நிரைக்குப் பின்னால் நின்று கொழுந்துக் கூடையைப் பார்ப்பதுபோல என்று சொன்னால் எமது மக்களுக்கு விளங்கும்.

வேறு சில சத்தங்கள்

புதிய நாலடிப்பு எஞ்சின்கள் சில, எரிபொருள் வடிகட்டியில் தண்ணீர் சேர்ந்தாலும், பற்றரி குறைந்தாலும் சத்தமிடும். விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கும் விடாமல் வரும் சத்தத்துக்கும் பொருள் வேறு. அது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். ஆகவே பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. கைநூல் ஆங்கிலத்தில் இருந்தால் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து, அந்த ஒரு பக்கத்தை மட்டும் தமிழில் எழுதி மூடியின் உட்பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். எரிபொருளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க, தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் போத்தலில் எடுத்து அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும்.

பொய்ச் சத்தமும் உண்டு. வயரின் தோல் உரிந்து எஞ்சின் உடம்பில் பட்டாலும், இணைப்பில் உப்புப் பூத்தாலும் அலாரம் அடிக்கும். ஆனால் பொய் என்று தீர்மானிப்பது கடைசியில்தான். தண்ணீர் பார்த்து, சூடு பார்த்து, ஒயில் பார்த்து, எல்லாம் சரியென்றபின், இரவு முழுதும் ஆறிய எஞ்சினும் அதே சத்தத்தைப் போட்டால் வயரைத் தேடுங்கள். உரிந்த இடத்தைச் சுற்றிக் கட்டுங்கள், இணைப்பைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். பொய்ச் சத்தத்துக்கும் மருந்து வெட்டுவதல்ல.

பழைய எஞ்சின் வாங்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாவி உள்ள எஞ்சின்கள் பலவற்றில் சாவியைத் திறந்ததும் ஒரு சிறு "பீப்" வரும். அது அலாரம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளம். வராவிட்டால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். கணினி இல்லாத பழைய மாதிரிகளில் இன்னொரு சோதனை உண்டு. சூட்டை உணரும் சிறு பொத்தான் எஞ்சின் தலையில் இருக்கும். அதன் வயரைக் கழற்றி, சாவி திறந்த நிலையில் எஞ்சின் உலோகத்தில் தொட்டால் அலாரம் அடிக்கவேண்டும். அடிக்காவிட்டால் வயர் வெட்டுப்பட்டிருக்கிறது, அல்லது அலாரம் செத்துவிட்டது. வெட்டுப்பட்டிருந்தால், அந்த எஞ்சின் எத்தனை தடவை சூடேறிய பின்னும் ஓட்டப்பட்டது என்று விற்பவர் சொல்லமாட்டார். பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரின் அழுத்தத்தை மெக்கானிக்கைக் கொண்டு அளந்து, சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டபின் விலை பேசுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக இம்பெல்லரை மாற்றி, வெட்டிய வயரை ஒட்டுங்கள்.